ஆணி அடிக்காத சுவர்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று முதன்முதலில் சொன்னவர், இரண்டையும் ஒரே ஒரு தடவை செய்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தவராகத்தான் இருக்கவேண்டும். இங்கே சொல்லப்போகிறவளுக்குக் கல்யாணம் ஒன்றுதான். வீடுகள் நூற்றைத் தாண்டும். அத்தனை வீட்டையும் கட்டி ஊராருக்குச் சாவி கொடுத்தவள், தன் கல்யாணப் படத்தை மாட்ட ஒரு சுவரில் ஓர் ஆணி அடிக்காமலே அறுபதை நெருங்கினாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளேதான் தடுத்துக்கொண்டாள்.

வேலையாட்கள் அவளுக்கு வைத்த பெயர் மூலைவீட்டம்மா. முகத்துக்கு நேரே யாரும் சொல்லமாட்டார்கள். ஒரு தடவை செங்கல் லாரிக்காரர் போனில், "மூலைவீட்டம்மாதானே?" என்று கேட்டுவிட்டு, கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று புரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "அவங்கதான் பேசுறேன். கல்லு எப்ப வருது?" என்றாள் அவள். அன்றைக்குக் கல் ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்தது.

இந்தத் தொழிலுக்கு வருமுன் அவள் ஒரு சிமென்ட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் தம்பி கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவன். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் பெரிய வீடு கட்டுகிறவர்கள். மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பில் போடுகிற அவள் எல்லாரும் வாடகை வீட்டில் இருந்தார்கள். "நம்மள மாதிரி ஆளுங்க வாங்குற விலைக்கு ஒருத்தனும் கட்ட மாட்டேங்குறானேடா" என்று ஒரு மத்தியானம் தம்பியிடம் சொன்னாள். "அப்ப நாமதான் கட்டணும்" என்று அவன் சாப்பிட்டுக்கொண்டே விளையாட்டாகச் சொன்னான். விளையாட்டு வினையாகிவிட்டது. யாரும் சீந்தாத முக்கோண மனை ஒன்று மலிவாகக் கிடைக்க, கீழே இரண்டு, மேலே இரண்டு என்று நாலு வீடு எழும்பியது.

மூன்று விற்றது. நாலாவது விற்கவில்லை. படிக்கட்டுக்கு அடியில், முக்கோணத்தின் கூர்முனையில் மாட்டிக்கொண்ட வீடு அது. பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்றபடியே தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று கிளம்பினார்கள். யோசிச்சுச் சொல்றோம் என்றால் என்ன அர்த்தம் என்பது வீடு விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் வேறு வழியில்லாமல், புருஷனையும் கைக்குழந்தையாக இருந்த மகளையும் கூட்டிக்கொண்டு அவளே அதில் குடியேறினாள்.

குடியேறிய பிறகுதான் அந்த வீடு பேச ஆரம்பித்தது. முதல் மழைக்கே படுக்கையறைச் சுவர் வியர்த்தது. மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிற குழாய் நேராக அந்தச் சுவரில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. குளியலறையில் ஊற்றிய தண்ணீர் வெளியேறுகிற ஓட்டைப் பக்கம் போகாமல் வாசல் பக்கம் நடந்து வந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ரசமட்டம் வச்சு வாட்டம் பார்த்துத்தான்க்கா தரை போட்டேன்" என்றான் அவன்.

"உன் ரசமட்டமாடா குளிக்குது? நான்தானே குளிக்கிறேன்" என்றாள் அவள்.

அவள் வீட்டில் மட்டும் சரிசெய்தால் போதாது என்று பிடிவாதம் பிடித்து, மற்ற மூன்று வீட்டிலும் கதவைத் தட்டி, மன்னிப்புக் கேட்டு, தரையைப் பெயர்த்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த வருஷம் லாபம் என்று எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அந்த மூன்று வீட்டுக்காரர்களும் போகிற இடத்திலெல்லாம் அவளைப் பற்றிச் சொன்னார்கள். தரையைப் பெயர்க்க வந்தது அப்போது எரிச்சலாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். அடுத்த கட்டடத்துக்கு ஆள் தேடி அலையவேண்டிய வேலை இருக்கவில்லை.

அப்படித்தான் அந்த வழக்கம் பிறந்தது, மூலைவீட்டம்மா என்ற பெயரும் பிறந்தது. எந்தக் கட்டடமானாலும் அதில் ஒரு வீடு மற்றதைவிட மோசமாக இருக்கும். மேல்மாடியில் வெயிலை வாங்கிக்கொள்கிற வீடு, குப்பைத்தொட்டிப் பக்கத்து வீடு, காற்றே எட்டிப் பார்க்காத வீடு என்று ஏதாவது ஒன்று. அதை விற்பதில்லை. அவள் குடும்பத்தோடு போய் ஒரு மழையும் ஒரு வெயிலும் அதில் இருந்து பார்ப்பாள். சமைப்பாள், துணி காயப்போடுவாள், காய்ச்சல் வந்தால் படுத்துக்கிடப்பாள். குறை எல்லாம் தெரிந்து, சரிசெய்து, மற்ற வீடுகளிலும் சரிசெய்து முடித்தபின்தான் அந்த வீட்டுக்கு விலை. அதற்குள் அடுத்த கட்டடம் தயாராகியிருக்கும். அதன் மோசமான வீட்டுக்கு இவர்கள் மூட்டை கட்டுவார்கள். "அந்தம்மா குடியிருந்த கட்டடம்" என்று சொன்னாலே போதும், வாங்குகிறவர்கள் சுவரைத் தட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கூடவே மூட்டை கட்டியவரைக் கேட்டால்தான் தெரியும்.

அவள் புருஷன் டவுன் பஸ் டிரைவர். அதிகம் பேசாத மனிதர். பேசினால் சிரிப்பு வருகிற மாதிரி பேசுவார். வலிக்கிற விஷயத்தையும் அப்படித்தான் சொல்வார். ஒரு தடவை ஷிப்ட் முடிந்து களைப்பில் பழைய வீட்டுக்கே போய், உள்ளே நுழைந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுவிட்டார். புதிதாகக் குடிவந்திருந்த அம்மாள் பயந்துபோனாலும் தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்தபிறகுதான் அவள் தன் மனைவி இல்லை என்பது இவருக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில், "பஸ்ஸுக்குக்கூட ஒரு டிப்போ இருக்கு. எனக்குத்தான் இல்ல" என்றார். அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை அந்தக் கல்யாணப் படம். டிப்போ நண்பர்கள் பெரிதாக்கி, கனமான மரச்சட்டம் போட்டுக் கொடுத்தது. ஒவ்வொரு வீட்டிலும் அவர் படத்தைப் பிரித்து, சுவரில் வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் அவள், "விக்கப்போற வீடுங்க. வாங்குறவங்களுக்கு ஓட்டைச் சுவரா குடுக்கிறது?" என்பாள். படம் மறுபடியும் போர்வைக்குள் போய், பீரோவுக்குப் பின்னால் நிற்கும். மகள் அந்தப் படத்தைப் பார்த்தது ஒவ்வொரு தடவை வீடு மாறும்போது மட்டும்தான்.

அவளுக்கு ஆணி என்றால் ஆகாததற்கு ஒரு காரணம் உண்டு. சின்ன வயதில் அவள் அப்பா வாடகை வீட்டுச் சுவரில் காலண்டருக்காக ஓர் ஆணி அடித்தார். வீட்டுச் சொந்தக்காரர் வந்து, பிள்ளைகள் முன்னால் அவரை நிற்கவைத்துத் திட்டி, அவர் கையாலேயே ஆணியைப் பிடுங்கவைத்தார். பிள்ளைகள் பக்கம் திரும்பாமலே அப்பா ஓட்டையில் சுண்ணாம்பை அப்பியது அவளுக்கு மறக்கவில்லை. யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்றுதான் வீடு கட்ட வந்தாள். சாவி கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும், "எங்க வேணும்னாலும் ஆணி அடிச்சுக்குங்க" என்று தவறாமல் சொல்வாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான். தன் வீட்டில் அந்தச் சொந்தக்காரர் வேலையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியவே இல்லை.

டிரைவர் ஓய்வு பெறுகிற காலம் வந்தது. கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்திருந்தது. மகளுக்குக் கல்யாணமாகி அதே ஊரில் வேறு தெருவில் இருந்தாள். அப்போது ஒரு நாள், அவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறுவதைப் பார்த்து அவளுக்கு மனசு கேட்கவில்லை. "இப்பக் கட்டுறதுல கீழ் வீடு, முன்வீடு, உங்களுக்குத்தான். இனிமே எங்கயும் போகவேண்டாம்" என்றாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு, "ஆணி?" என்று கேட்டார். "உங்க வீடு. உங்க ஆணி" என்றாள்.

அந்தக் கட்டடம் அவர்கள் கட்டியதிலேயே பெரியது. நாலு வீட்டில் தொடங்கியவர்கள் ஒரே அடியாக நாற்பது வீடு கட்ட இறங்கியிருந்தார்கள். பாங்கு கடன் கொடுத்தது. தம்பி மகன் இன்ஜினியருக்குப் படித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் கவனித்தான். நல்ல பையன், தாத்தா காலத்து ஆள் மாதிரி பொறுப்பு. செங்கல் கணக்கிலிருந்து சாவி வரை அவன் கைக்குப் போனதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

டிரைவருக்குத் தினமும் அந்த முன்வீடுதான் போக்கிடம். மதில் ஓரத்து மரம் ஜன்னலில் தெரியும். காலையில் வெயில் எதிர்ச்சுவர் வரைக்கும் வந்து படும். ஒரு கயிற்றை எடுத்துப்போய், படம் எந்த உயரத்தில் தொங்கவேண்டும் என்று அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டார். அந்தக் கயிறு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

சாவி கொடுக்கிற நாள். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு பெண் கடைசியாக வந்தாள். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். இருந்த வாடகை வீட்டை அன்று காலையே காலி செய்து, சாமான்களை வண்டியோடு வாசலில் நிறுத்தியிருந்தாள். "எந்த வீடும்மா?" என்று மூலைவீட்டம்மா கேட்டாள். "பின்னாடி மோட்டார் ரூம் பக்கத்து வீடும்மா" என்றாள் அந்தப் பெண்.

இந்தக் கட்டடத்தின் மோசமான வீடு அதுதான். தரைத்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார், அந்த வீட்டுப் படுக்கையறைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தது. தம்பி மகனைத் தனியே கூப்பிட்டாள்.

"அந்த வீட்ட ஏன்டா வித்த?"

"மாமாவுக்கு முன்வீடுன்னு முடிவாயிடுச்சே அத்தை. அப்ப அதுல யாரு இருந்து பார்க்கப்போறா? நாற்பது வீடு கட்டுற இடத்துல இன்னும் பழைய மாதிரியே முடியுமா?" அவன் குரலில் எகத்தாளம் இல்லை. "விலை குறைச்சுத்தான் குடுத்தேன். காரணத்தையும் சொல்லிட்டேன். மோட்டாருக்கு டைமர் வச்சிருக்கேன், ராத்திரி ஓடவே ஓடாது."

அவள் திரும்பி அந்தப் பெண்ணிடம் கேட்டாள். "உனக்கு எந்த ஷிப்ட்டும்மா?"

"நைட்டுதாம்மா. பகல்லதான் தூங்குவேன்" என்றாள் அவள்.

தம்பி மகன் முகம் சுருங்கிப்போனது. ராத்திரி தூங்குகிறவர்களை மனதில் வைத்து அவன் நல்ல எண்ணத்தில்தான் மோட்டாரைப் பகலுக்குத் தள்ளியிருந்தான். வாங்குகிறவர்கள் எப்போது தூங்குவார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அவனைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. குடியிருந்து பார்த்திருந்தால் அவளும் ராத்திரியில்தான் தூங்கியிருப்பாள்.

மோட்டாரை இடம் மாற்ற மாதக்கணக்காகும். மற்ற வீடுகள் எல்லாம், அவர்கள் இப்போது இருக்கும் பழைய வீடும் சேர்த்து, விற்றாகிவிட்டன. விற்காமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான். வாசலில் வண்டிக்காரர் கயிற்றை அவிழ்க்கலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சின்னப்பெண் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. மூலைவீட்டம்மா தன் பையிலிருந்து முன்வீட்டுச் சாவியை எடுத்தாள்.

"அக்கா, மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ" என்று தம்பி கையைப் பிடித்தான்.

"அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். "எங்க வேணும்னாலும் ஆணி அடிச்சுக்கோம்மா."

வீட்டுக்கு வந்தபோது டிரைவர் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. சட்டத்தின் நாலு மூலையையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "அந்தப் பிள்ளைய வாசல்ல நிக்கவச்சுட்டு நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்? ஆனா நீ கேக்கலையே."

துடைத்த துணியை மடித்துப் பீரோமேல் வைத்தார்.

"சுவத்துல காத வச்சுக் கேப்ப. குழாயத் தட்டிக் கேப்ப. வாங்க வர்றவங்கள ஒரு மணி நேரம் உக்காரவச்சுக் கேப்ப. முப்பது வருஷத்துல ஒரு வீட்டுக்காவது, போலாமான்னு என்னைக் கேட்டிருக்கியா?"

இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அவர் இரண்டு சட்டையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். சட்டைப் பையிலிருந்த கயிற்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

படத்தையும் மேஜையையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு அவள் தனியாக மோட்டார் ரூம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனாள். மோட்டார் ஓடும்போது சுவர் உறுமியது. கட்டிலில் படுத்தால் எலும்புக்குள் கேட்டது. எல்லாக் குறையையும் மனதில் குறித்துக்கொள்கிறவள் அந்த வாரம் எதையும் குறிக்கவில்லை. ஒரு மத்தியானம் படுத்தபடி, கட்டிய ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். எந்தச் சுவர் எங்கே வியர்த்தது, எந்த ஜன்னல் எதில் இடித்தது என்பதெல்லாம் ஞாபகம் இருந்தது. அந்த வீடுகளில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று யோசித்தால் சட்டென்று எதுவும் வரவில்லை. பஸ்ஸில் டிரைவர் முதுகைப் பார்த்துக்கொண்டே ஊர் போய்ச் சேருகிற மாதிரி இத்தனை வருஷத்தையும் கடந்திருக்கிறாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் மகள் வீட்டுக்குப் போனாள். மகள் கதவைத் திறந்துவிட்டு, வேலை இருப்பதுபோல் உள்ளே போய்விட்டாள். டிரைவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"தப்புதாங்க" என்றாள். "அந்த வீட்டக் குடுத்தது தப்பில்ல. உங்களக் கேக்காம குடுத்தது தப்பு."

அவர் பேப்பரை மடித்தார். "முட்டிக்குப் படி ஏற வேண்டாமில்ல, அந்த மோட்டார் வீட்டுல?" என்று கேட்டார்.

"கீழ் வீடுதான்."

"சரி. நீ முன்னாடி போ."

அன்று மத்தியானம் அவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் பை, பைக்குள் ஒரு சுத்தியலும் ஆணிகளும். வந்தவர் நேராகப் படுக்கையறைக்குப் போனார். மேஜையில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுவரில் பிடித்துப் பார்த்தார். மோட்டார் பக்கத்துச் சுவர்.

"அந்தச் சுவரா?" என்றாள்.

"இந்தத் தடவ நானும் கேக்கப்போறதில்ல" என்று சொல்லி அடித்தார். புதுப்பூச்சு கொஞ்சம் உதிர்ந்து அவள் காலடியில் விழுந்தது. அவள் அதைத் தாண்டிப் போய்ப் படத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். சட்டத்தைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

மோட்டார் ஓட ஆரம்பித்ததும் படம் சுவரில் டக டக டக என்று அடித்துக்கொண்டது. உள்ளே இருக்கிற மாப்பிள்ளையும் பெண்ணும் உடம்பெல்லாம் நடுங்கினார்கள். "பயந்துட்டாங்கபோல" என்றார் டிரைவர். அன்றைக்குத்தான் அவள் மறுபடியும் சிரித்தாள்.

தம்பி மகன் வந்து, படத்தின்மேல் உள்ளங்கையை வைத்தபடி நெடுநேரம் நின்றான். மோட்டாருக்கு அடியில் ரப்பர் வைத்தான், அப்போதும் படம் ஆடியது. மோட்டாரையே மாற்றினான், கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. எதனால் என்று தெரியாமல் அவனுக்குத் தூக்கம் போயிற்று. பிறகு ஒரு நாள், மோட்டார் நின்ற பிறகும் படம் ஒரு நொடி துடிப்பதைக் கவனித்து, "மோட்டார் இல்ல அத்தை, குழாய். ஏறுன தண்ணி திரும்பி வந்து மோதுது" என்றான். மேலே போகிற குழாயைச் சுவரோடு சேர்த்துக் கவ்வி வைத்திருந்ததுதான் வினை. குழாயைச் சுவரிலிருந்து பிரித்து, வெளியே தனிக் கால் நட்டு மேலே கொண்டுபோனான். மேல்மாடிகளிலும் அதே குழாய் ஒட்டிய வீடுகள் இருந்தன. அங்கெல்லாம் சத்தம் கேட்டும் யாரும் இதுவரை வாய் திறந்திருக்கவில்லை.

வேலை முடிந்த அன்று எல்லாரும் அந்தப் படுக்கையறையில் கூடினார்கள். முன்வீட்டுப் பெண்ணும் ஷிப்ட் முடிந்து வந்தவள் தூங்கப் போகாமல் வாசலில் நின்றாள். தம்பி மகன் மோட்டாரைப் போட்டான். எல்லார் கண்ணும் படத்தின்மேல். தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவது தூரத்தில் கேட்டது. படம் சுவரில் அப்படியே இருந்தது.

தம்பிக்குப் பழக்கதோஷம். கையைத் தட்டிக்கொண்டு, "அப்ப இந்த வீடும் ரெடி. இனி விலை பேசிடலாம்" என்றுவிட்டான். சொன்னபிறகுதான் சுற்றிலும் பார்த்தான்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அத்தனை பேர் முன்னால் கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருந்தது.

"என்னங்க, இங்கயே இருந்துடலாமா?"

டிரைவர் கட்டிலில் உட்கார்ந்தார். முழங்காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே புதிதாக நட்ட குழாயைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அந்தத் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் காத்துக்கொண்டு நின்றாள். வீடு பார்க்க வந்தவர்கள் முன்னால்கூட அவள் அத்தனை பொறுமையாக நின்றதில்லை. அவர் செம்பிலிருந்த தண்ணீரைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு எதிர்ச்சுவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தச் சுத்தியல எங்க வச்ச?" என்றார். "சட்டை மாட்ட ஒரு ஆணி வேணும்."